தூங்க மறந்த கிருமி

சொந்தக்காரர்கள் நடுவே அவளுக்குப் பிளாஸ்க் அக்கா என்று பெயர். கல்யாணமான புதிதில், ஆராய்ச்சிக்கூடத்தில் பிளாஸ்க் பார்த்துக்கொள்கிற வேலை என்று அவளே வாய்தவறிச் சொல்லப்போக, "அங்க எத்தனை பேருக்கு டீ ஊத்தணும்?" என்று நாத்தனார் கேட்டாள். அன்றைக்கு ஒட்டிய பெயர். அவளும் விளக்கம் சொல்லப் போகவில்லை. பின்னாளில் சொல்லியிருந்தால், கிருமி வளர்க்கிறவள் கையால் இனிமேல் சாப்பிட மாட்டேன் என்று அதற்கு வேறு ஒரு சண்டை வந்திருக்கும்.

அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவள் பார்க்காத வேலை இல்லை. கண்ணாடிச் சாமான் கழுவுவதில் ஆரம்பித்து, செல் வளர்ப்பதுவரை வந்திருந்தாள். யார் எந்த வேலை கொடுத்தாலும் சரி என்பாள். அவளாகப் போய்க் கேட்டு வாங்கியது ஒரே ஒரு வேலைதான். அதை அவள் கேட்டதற்குக் காரணம், அவள் புருஷனின் வலது கண்.

புருஷன் பஸ் ஓட்டினவர். வண்டியை விட்டு இறங்கி வருஷக்கணக்கான பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். ஒருநாள் வழியெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்தி முன்கண்ணாடியைத் துடைத்திருக்கிறார். நடுவில் ஒரு அழுக்கு, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. மூன்றாவது தடவை இறங்கியபோது கண்டக்டர் பொறுக்கமுடியாமல், "கண்ணாடில ஒண்ணும் இல்லண்ணே. கண்ணைத் தொடைங்க" என்றிருக்கிறான். கிண்டலாகச் சொன்னதுதான். அழுக்கு கண்ணில்தான் இருந்தது.

கண் டாக்டர் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, டாக்சோபிளாஸ்மா என்று ஒரு கிருமியின் பெயரைச் சொன்னார். எப்போது உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. கழுவாத கீரையாக இருக்கலாம், வேகாத கறியாக இருக்கலாம், அம்மா வயிற்றிலேயே வந்திருக்கலாம். விழித்திரையில் சின்னச் சின்ன உறைகளாகக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் தூங்கும். என்றைக்காவது ஒன்று விழிக்கும். விழித்ததும் வேகமாகப் பெருகி, சுற்றி இருப்பதைத் தின்னும்.

"மாத்திரை இருக்கில்ல டாக்டர்?" என்றாள் அக்கா.

"இருக்கு. ஆனா அது முழிச்சுக்கிட்டுத் திரியற கிருமியைத்தான் கொல்லும். தூங்கறதுக்கு மருந்து கிடையாது."

"அப்ப அதை எழுப்பி விட்டு அடிங்க" என்றார் டிரைவர்.

டாக்டர் சிரித்தார். "எழுப்பினா அது மாத்திரைக்காகக் காத்திருக்குமா? முதல்ல உங்க கண்ணைத் தின்னும்."

வலது கண்ணில் நடுப்பகுதி போய்விட்டது. இடது கண்ணிலும் ஒரு பழைய தழும்பு இருந்தது. ஆனால் கொஞ்சம் தள்ளி, ஓரமாக இருந்தது. இனி எழுந்தால் பெரும்பாலும் அந்தத் தழும்பின் விளிம்பில்தான் எழும் என்றார் டாக்டர். எந்தப் பக்கமாக எழும் என்று சொல்ல முடியாது. வெளிப்பக்கம் எழுந்தால் தப்பித்தோம். உள்பக்கம் எழுந்தால் பார்வையின் நடு. ஆக, அந்தத் தழும்புக்கும் பார்வைக்கும் நடுவே நூலளவு இடம்தான் மிச்சம்.

டிப்போவில் டிரைவரை உதிரிபாகம் கொடுக்கிற ஸ்டோருக்கு மாற்றினார்கள். "பிரேக் லைனிங் எடுத்துக் குடுக்கறேன். பிரேக் போடறதுக்குத்தான் விடமாட்டேங்கறாங்க" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார். வீட்டில் அக்கா கீரையை நாலு தண்ணீரில் அலசினாள்; கறியைக் கரையும்வரை வேகவைத்தாள். அதைப் பார்த்து, "விருந்தாளி உள்ள வந்து சட்டையக் கழட்டி மாட்டிட்டான், இப்பப் போய்க் கதவைச் சாத்தறே" என்றார்.

அந்தக் கிருமியின் பெயரை அவள் முதல்முதலாகக் கேட்டது கண் டாக்டரிடம் இல்லை. மூன்றாவது மாடியின் கடைசி அறையில் ஆராய்ச்சி நடத்துகிற மேடத்தின் பிரிட்ஜ் கதவில் அதே பெயர் தினமும் கண்ணில் படும். அடுத்த வாரமே மேடத்திடம் போய், அந்தக் கிருமியைப் பார்த்துக்கொள்கிற வேலை வேண்டும் என்று நின்றாள். மேடம் அவளைவிட வயதில் சின்னவர், கொஞ்சம் படபடப்பு. காரணத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"இங்க நாங்க மருந்து செய்யலை. அது தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"அதுக்கு ரொம்ப முன்னாடி இருக்கற வேலை இது."

"அதுவும் யாராவது செய்யணுமில்ல."

மேடம் செய்துகொண்டிருந்தது இதுதான். விழித்துத் திரிகிற கிருமியும் தூங்குகிற கிருமியும் வேறு வேறு இல்லை. ஒரே கிருமி, ஒரே மரபணுத் தொகுதி. ஆனால் இருக்கிற மரபணுக்கள் எல்லாம் எப்போதும் வேலை செய்வதில்லை. திரியும்போது சில இயங்கும், தூங்கும்போது வேறு சில இயங்கும். ஒரு மரபணு இயங்கினால் அதன் நகல் ஆர்.என்.ஏ என்ற பெயரில் செல்லுக்குள் கிடக்கும். இரண்டு நிலையிலும் கிடப்பதை எல்லாம் வழித்து எடுத்து ஒப்பிட்டால், தூக்கத்தின்போது மட்டும் வேலை செய்கிறவை எவை என்று தெரியும். அதில் ஒன்றைத் தடுக்க முடிந்தால், தூங்குவதையும் கொல்ல வழி பிறக்கலாம்.

இதை அவள் வீட்டில் வந்து சொன்னபோது டிரைவர் தட்டிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்.

"அதாவது டிப்போ மாதிரி."

"எது?"

"டிப்போல பேரு எல்லாருக்கும் இருக்கு. வண்டி ஓடற நாள்ல டிரைவர், கண்டக்டர், செக்கர் எல்லாம் வருவான். ஸ்ட்ரைக் அன்னிக்கு எவனும் வரமாட்டான், வாட்ச்மேன் மட்டும் இருப்பான். உங்க மேடம் தேடறது அந்த வாட்ச்மேனை."

"ஆமாங்க!" அவளுக்கே அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

"பிடிச்சா சொல்லு. அவன்கிட்ட எனக்குப் பழைய பாக்கி ஒண்ணு இருக்கு."

கிருமி வளர்ப்பது பார்க்க ஒன்றும் பெரிய வேலையாகத் தெரியாது. பிளாஸ்க் என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டையான பிளாஸ்டிக் புட்டி. அதன் அடியில் மனிதத்தோலின் செல்கள் பாய் விரித்தது போலப் படர்ந்திருக்கும். மேலே இளஞ்சிவப்பு ஊட்டநீர். அதில் கிருமி கலந்த ஒரு சொட்டு விட்டு, உடம்புச் சூட்டில் இன்குபேட்டருக்குள் வைத்தால், ஓரிரு நாளில் கிருமிகள் செல்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பாய் கந்தலாகும். அதிலிருந்து ஒரு சொட்டு அடுத்த பிளாஸ்க்குக்கு. லீவு நாள், மழை நாள், காய்ச்சல் நாள் எதுவும் அதற்குத் தெரியாது. கைக்குழந்தை வீடு மாதிரிதான்.

தூங்கவைப்பதற்குத் தனிப் பக்குவம். ஊட்டநீரில் காரத்தன்மையைக் கூட்டி, கரியமில வாயுவைக் குறைத்துவிட்டால், கிருமிக்கு நெருக்கடி வரும். அது உறை கட்டிக்கொண்டு ஒடுங்கும். ஒளிரும் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உறை பச்சை வளையமாகத் தெரியும். முதல் வருஷம் அந்த வளையங்களை அக்கா பார்த்திருக்கிறாள். கறுப்பில் மோதிர மோதிரமாக நிறையத் தெரிந்தன. பார்த்த சாயங்காலம் வீட்டுக்கு வந்து புருஷன் முகத்தை நிமிர்ந்து பார்க்க ஒருமாதிரி இருந்தது.

அவளுடைய கைராசி அந்த மாடியில் பிரசித்தம். மற்ற அறைகளில் பூஞ்சை பிடித்து, நாற்றம் எடுத்து, மாசத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் கொட்டுவார்கள். அவள் பிளாஸ்க் ஒருநாளும் கெட்டதில்லை. எப்போதும் நாலைந்தாக வைத்திருப்பாள். எது முதலில் செல்லை உடைத்துத் துருதுருவென்று வெளியே வருகிறதோ, அதிலிருந்துதான் அடுத்ததற்குச் சொட்டு எடுப்பாள். மந்தமாகக் கிடப்பதைக் கொட்டிவிடுவாள். நோஞ்சானை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கத்தரி நாற்றிலும் அப்படித்தான், தயிருக்கு உறை ஊற்றினாலும் அப்படித்தான். நல்லதிலிருந்துதான் நல்லதை எடுக்கவேண்டும்.

சில மாசங்களுக்கு ஒருமுறை, திரவ நைட்ரஜன் பீப்பாயில் உறையவைத்திருக்கும் ஆரம்பகாலக் குழாய் ஒன்றை எடுத்து, அதிலிருந்து புதிதாகத் தொடங்கவேண்டும் என்பது முறை. ஒரு தடவை எடுத்தாள். உறைவிலிருந்து வந்தவை சுணங்கிக்கொண்டே கிடந்தன. அதற்குள் ஆராய்ச்சி மாணவி வந்து நின்றாள். மேடத்தின் கீழ் பட்டம் படிக்கிற பெண், நடந்துகொண்டே சாப்பிடுகிறவள்.

"அக்கா, எனக்கு வியாழக்கிழமை நாலு பிளாஸ்க் வேணும். இதுங்க எப்ப எழுந்து, எப்பப் பல்லு வெளக்கி..."

"பழையதுலேர்ந்து தரேன், எடுத்துக்கோ."

"நீங்கதான்க்கா தெய்வம்."

அதற்குப் பிறகு உறைவிலிருந்து எடுக்கவில்லை. நன்றாக ஓடுகிற வண்டியை யார் நிறுத்துவார்கள்? அது அப்படியே வருஷக்கணக்கில் ஓடியது. மேடம்கூட வெளியூர் ஆட்கள் வந்தால், "எங்க கிருமிக் கல்ச்சர் மட்டும் ஒருநாளும் நின்னதில்லை" என்று பெருமையாகக் காட்டுவார்.

பச்சை வளையங்கள் குறைந்துகொண்டு வந்தன. குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை. மாணவி வந்தபோதே அவை அரிதாகத்தான் இருந்தன. அவளுக்கு அதுதான் வழக்கம். மேடம் மைக்ராஸ்கோப்பைத் தொட்டு நாளாகியிருந்தது. அக்காவுக்கு ஒரு தடவை உறுத்தியது.

"முன்னெல்லாம் நிறைய தெரியும்மா. இப்ப அங்கொண்ணு இங்கொண்ணா இருக்கே?"

"சாயம் பழசுக்கா. புதுசு ஆர்டர் போட்டிருக்கேன்."

புதுச் சாயம் வந்தது. அங்கொன்று இங்கொன்றுதான். அதற்குள் மாதிரிகளை அனுப்பவேண்டிய தேதி வந்துவிட்டது. திரிகிறவை ஒரு வரிசை, தூங்கவைத்தவை ஒரு வரிசை என்று வழித்து, ஆர்.என்.ஏ பிரித்து, பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி, அதைப் படித்துச் சொல்கிற பெரிய கூடத்துக்கு அனுப்பினார்கள். பெட்டி லிப்டில் இறங்கும்வரை அக்கா அங்கேயே நின்றிருந்தாள்.

அதில் வாட்ச்மேன் கிடைத்தாலும் டிரைவர் கண்ணுக்கு நாளைக்கே மாத்திரை வந்துவிடாது என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் அந்த மாடியில் புழங்கினவளுக்கு அதுகூடத் தெரியாதா? ஆனாலும் மனசு ஒரு பக்கம் தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. இடது கண் சும்மா இருந்து, இவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்து, வேறு யாராவது சீக்கிரம் மருந்து செய்து... நடுவில் எத்தனை 'சீக்கிரம்' வருகிறது என்று எண்ணாமல் இருந்தால் போதும்.

முடிவு வந்த அன்று மேடம் அவளையும் கூப்பிட்டார். திரையில் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மாதிரி. திரிகிறவை சிவப்பு, தூங்குகிறவை நீலம். இரண்டு கூட்டமும் ஆளுக்கொரு மூலையில் பிரிந்து நிற்கவேண்டும். இங்கே பஸ்ஸில் ஏறுகிற கூட்டம் மாதிரி எல்லாம் ஒரே குவியலாக நின்றன.

"தூங்கினதிலயும் திரியறதோட ஜீன்தான் மேடம் ஓடுது" என்றாள் மாணவி. அவள் பட்டமும் அந்தக் குவியலுக்குள்தான் கிடந்தது.

"தூங்கினாத்தானே" என்றார் மேடம். பிறகு நாற்காலியைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். "கடைசியா உறைவுலேர்ந்து எப்ப எடுத்தீங்க?"

அக்கா சொன்னாள். எப்படி எடுத்தாள், எதைக் கொட்டினாள், எதை வைத்துக்கொண்டாள் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லும்போதே மேடத்தின் முகம் மாறியது. மந்தமாகக் கிடந்தவைதான் தூங்கத் தெரிந்தவை. அவற்றை ஒவ்வொரு தடவையும் பொறுக்கிப் பொறுக்கிக் கொட்டியாகிவிட்டது. மிச்சம் இருந்தவை ஓடி ஓடி, நெருக்கினாலும் ஒடுங்கத் தெரியாத பரம்பரையாகிவிட்டன.

"என்னைத் திட்டுங்க மேடம்."

"எதுக்கு? நானா இருந்தாலும் நல்லா வளர்றதைத்தான் எடுத்திருப்பேன்" என்றார் மேடம். "உறைவுலேர்ந்து எடுக்கச் சொல்லி வருஷா வருஷம் நான் கேட்டிருக்கணும். கேக்கலை." திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உறையவைத்த ஆரம்பகாலக் குழாய்கள் மூன்று பாக்கி இருந்தன. அதுதான் இனி நம்பிக்கை. முதல் குழாயை அக்கா கையில் பிடித்தே இளக்கினாள். செல்பாய் விரித்த பிளாஸ்க்கில் விட்டுக் காத்திருந்தாள். பாய் கிழியவில்லை, எதுவும் நடக்கவில்லை. முன்னொரு கோடையில் நைட்ரஜன் கொண்டுவருகிற லாரி வராமல் பீப்பாயில் மட்டம் இறங்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. மேல்தட்டில் இருந்தவை போயிருக்கும் என்று அப்போதே பேச்சு. ஆரம்பகாலக் குழாய்கள் இருந்தது மேல்தட்டில். இரண்டாவதும் எழவில்லை.

மூன்றாவதை இன்குபேட்டரில் வைத்த வாரம், டிரைவர் ஸ்டோரிலிருந்து மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டைகூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"கொசு பறக்குது."

"கொசுவா?"

"அடிச்சா சாகமாட்டேங்குது."

அவள் அவர் வலது கண்ணைக் கையால் பொத்தினாள். "இப்ப?"

"இப்பவும்."

ஆஸ்பத்திரி நடைபாதையில் வரிசையாக நாற்காலிகள். கண்ணில் சொட்டுமருந்து விட்டுத் தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நடுவே அவரும் சாய்ந்திருந்தார். அக்காவின் போன் அடித்தது. மாணவி.

"அக்கா... மூணாவதும் ஒண்ணும் காணோம்க்கா. செல்லு அப்படியே இருக்கு."

"இன்னும் ரெண்டு நாள் வச்சுப் பாரும்மா."

"பாக்கறேன். ஆனா..."

"சரி, வச்சிடு."

"யாரு?" என்றார் டிரைவர், கண்ணைத் திறக்காமல்.

"ஆபீஸ்."

"வாட்ச்மேன் கிடைச்சானா?"

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். தழும்பின் விளிம்பில்தான் எழுந்திருந்தது, உள்பக்கமாக.

மாத்திரைகள் பெரிய பெரிய வெள்ளை வில்லைகள், கசப்பு, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கவேண்டும். வீக்கத்துக்குக் கொடுத்த இன்னொரு மாத்திரையில் டிரைவரின் முகம் உப்பியது, அகோரமாகப் பசித்தது, எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுந்தார். நாத்தனார் பார்க்க வந்து, "அண்ணன் பூசினாப்புல நல்லா ஆயிட்டாரே!" என்றாள். "ஆமா, ஆணழகன் போட்டிக்கு அனுப்பப் போறாங்க" என்றார் அவர். டீ ஊற்றிக்கொடுத்தது அக்கா. அன்றைக்கு எத்தனை பேருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது குழாய் எழவே இல்லை. வேறு இடத்திலிருந்து தூங்கத் தெரிந்த கிருமியை வரவழைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று மேடம் எழுதிப்போட்டார். மேலிடத்தில் பணத்துக்கு அடுத்த தவணை கிடையாது என்றுவிட்டார்கள். கிருமியை அழித்துவிட்டு அறையை ஒழிக்கச் சொன்னார்கள். அக்கா ஒவ்வொரு பிளாஸ்க்காக மூடி திறந்து பிளீச்சிங் திரவம் ஊற்றினாள். இளஞ்சிவப்பு நிறம் சட்டென்று வெளுத்தது. எல்லாம் துருதுருவென்று விழித்திருந்தவை; ஒரு நிமிஷத்தில் போய்விட்டன. விழித்திருப்பதைக் கொல்லத்தான் எல்லோரிடமும் ஏதாவது ஒன்று இருக்கிறது. மாணவி பக்கத்தில் நின்று காலி புட்டிகளைச் சிவப்புப் பையில் போட்டாள். "வேற மேடம்கிட்ட வேற தலைப்பு கேட்டிருக்கேன்க்கா" என்றாள். "நல்லது, சாப்பிடறப்ப உக்காந்து சாப்பிடு" என்றாள் அக்கா. அக்காவை இரண்டு அறை தள்ளி, செல் வளர்க்கிற இடத்துக்கு மாற்றினார்கள்.

கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது கண் டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, "நல்ல சேதி. முழுசா அடங்கிடுச்சு. மறுபடி தூங்கப் போயிடுச்சு" என்றார்.

"போகட்டும் டாக்டர், பாவம்" என்றார் டிரைவர். "சாப்பிட்டுட்டுத்தானே தூங்குது."

டாக்டருக்கு இந்தத் தடவை சிரிக்க வரவில்லை. ஓரப் பார்வை இருக்கும், நடமாடலாம், சுவரில் முட்டிக்கொள்ள மாட்டார், நடு வராது என்று விவரமாகச் சொன்னார். ஸ்டோர் வேலையும் இனி முடியாது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?

அவர் வேலை போய் வீட்டோடு இருந்து ஒரு மாசம் போல ஆகியிருக்கும். காலையில் அவள் தோசைத் தட்டோடு வந்தபோது அவர் மேஜையில் உட்கார்ந்து ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டை வைத்தாள். திரும்பவில்லை. பேசினாள். அப்போதும் ஜன்னலைத்தான் பார்த்தார். முந்தின ராத்திரி வேலை போன விஷயமாக ஏதோ சொல்லப்போய் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்தாள்.

"அப்படி அங்க என்னதான் இருக்கு?"

"எங்க?"

"ஜன்னல்ல. நான் இங்க நிக்கறேன், நீங்க பாட்டுக்கு அங்கயே பாத்துக்கிட்டிருக்கீங்க."

"உன்னைத்தான்மா பாக்கறேன்" என்றார். "நேரா பாத்தா உன் மூஞ்சி இருக்கற இடத்துல ஒரு ஓட்டைதான் இருக்கு. ஜன்னலைப் பாத்தா ஓரத்துல நீ வர்றே. இப்பத்தான் ரெண்டு மூணு நாளா பழகிக்கிட்டிருக்கேன்."

அக்கா சட்னிக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். "எப்படி இருக்கேன்?"

"கலங்கலாத்தான் இருக்கே. புடவை பச்சையா?"

"நீலம்."

"சரி, நீலம்."

அவளுக்கு அவர் எதிரே போய் நிற்கவேண்டும் போல இருந்தது. யோசிக்கவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு, அவர் முகம் திரும்பியிருந்த ஜன்னல் பக்கமாகப் போய், அவர் கண்ணுக்கு நேராக நின்றாள்.

"எங்க போனே?" என்றார் டிரைவர்.